நான்காம் பரிமாணத்துக்கு அஞ்சாதே

மாட்டுப்பட்டி

சிரஞ்சீவி மகளுக்கு,

நான்காம் பரிமாணம் மனக்கண்ணில் தோன்றவேயில்லை, ஆகையால் கணிதத்தை விட்டு வணிகவியலுக்கு மாறிவிடலாமா என்று நீ எழுதியிருந்ததைப் படித்தது முதல் எனக்கு உறக்கம் சரியாயில்லை. தீர்மானம் உன்னுடையது, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நீ சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் அங்கீகரிக்க முடியவில்லை.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் நம் சாலை எத்தனை வளைவு வளைந்தாலும், எவ்வளவு உயரம் ஏறினாலும், அதன்மேல் நிற்கும் பஸ்ஸின் ஸ்தானத்தைச் சொல்ல, மூணாறிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் என்ற ஓர் எண் போதும். ஆகவே சாலைக்குப் பரிமாணம் ஒன்று. நம் ஊர் அணைநீரின்மேல் மிதக்கும் படகுக்கு இரண்டு எண்கள் வேண்டும். உள்ளே நீந்தும் மீனுக்கு ஆழமும் சேர்ந்து மூன்று. இரண்டு மீன்களின் இருப்பிடத்தை ஒருசேரக் குறிக்க வேண்டுமானால் ஆறு எண்கள் ஆகுமல்லவா? ஆறு பரிமாணத்தை ஒன்றையும் காணாமலே எண்ணிவிட்டாய். ஒன்றையொன்று சாராத எண்கள் எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கு விடையே பரிமாணம். கண்ணுக்கு அதில் வேலையில்லை.

ஒரு பெட்டியைக் காட்டி நீளம், அகலம், உயரம் என்று பாராயணம் பண்ணவைத்து, ஏன் மூன்றோடு நிற்கிறது என்று கேட்ட பிள்ளையைப் பெஞ்சுமேல் ஏற்றிய அந்த வாத்தியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உன் அப்பன் புத்தகப்பையை எறிந்துவிட்டுத் தேயிலை ஃபாக்டரிக்குப் போனது யாரால் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக் காட்டியவர் ஏன் மூன்று என்ற காரணத்தையும் சொல்லியிருந்தால் நம் குடும்ப சரித்திரமே வேறாக இருந்திருக்கும். அதே அச்சம் இப்போது உன்னிடம் வந்து உட்காருவதை நான் எப்படிப் பொறுப்பேன்?

காணாமலே பரிமாணத்தை அறியலாம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. திருச்சூரில் 1913-இல் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் படித்த கணித அறிஞர் மீனாட்சிசுந்தரம், ஸ்வீடன் தேசத்து ப்ளெய்ஜெலுடன் 1949-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வளைந்த வெளியொன்றின் இயல்பான அதிர்வெண்களின் வரிசை முழுதும் தெரிந்தால் அதன் பரிமாணத்தையும் கன அளவையும் அவற்றிலிருந்தே கணித்துவிடலாம். அந்த வெளியைக் காண வேண்டிய அவசியமே அவர்களுக்கு நேரவில்லை.

வணிகவியலும் கௌரவமான படிப்புத்தான். இந்தப் பருவம் முடியும்வரை பொறுத்து, திசையன்வெளிப் பாடத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தபின் தீர்மானி. அதுவரை எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடாதே.

மனம் நோகாதே, கண்ணு. எதைப் படித்தாலும் இந்த வீட்டு ராஜாத்தி நீதான். பெரியம்மா மறையூர் வெல்லமும் புதுக் கம்பளிச் சட்டையும் கட்டி வைத்திருக்கிறாள். விடுதிக் கட்டணத்துக்கு விசாரப்படாமல் எவ்வளவு வேண்டுமோ எழுது. லீவுக்கு உன் தோழிகள் எல்லோரையும் அழைத்து வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா