சேணத்தின் கொம்பு

அன்புள்ள தம்பிக்கு,

டெக்ஸஸில் இருக்கும் உன் தாய்மாமன் அனுப்பிய மேற்கத்தியச் சேணமும் சுருக்குக் கயிறும் ஒரகடம் வந்து சேர்ந்ததையும், ஆலை வேலை முடிந்த மாலைகளில் நீ சவாரி பழகும் லாயத்தில் எல்லோரும் அவற்றைச் சூழ்ந்து நின்று வியந்ததையும் எழுதியிருந்தாய்; மகிழ்ந்தேன். ஆயினும் கடிதத்தின் ஈற்றில், "முன்னால் நிற்கும் கொம்பு பயம் வந்தால் பிடித்துக்கொள்ளத்தானே?" என்று நீ கேட்டிருந்த கேள்வி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சினிமாவில் மட்டும் குதிரையைக் கண்டவர்கள் அப்படி எண்ணலாம். இயந்திரத் தொழில் கற்ற நீ எண்ணலாகாது.

அது கைப்பிடியன்று, கயிற்றைச் சுற்றுவதற்கென்று அமைந்த தூண். ஸ்பானியர் மெக்ஸிகோவுக்குக் கொண்டுவந்த சேணத்தை, எல்லையற்ற வெளியில் மேயும் மாடுகளைக் கயிறு வீசிப் பிடிக்க வேண்டியிருந்த அந்நாட்டு மேய்ப்பர்கள் தங்கள் தொழிலுக்கு இசைய மாற்றிக்கொண்டபோது, வலிமை பெற்ற உறுப்பு இந்தக் கொம்பே. மற்ற வார்களும் வளையங்களும் அதற்குத் துணை நிற்கவே தோன்றின என்பது என் திடமான அபிப்பிராயம்.

கொம்பில் கயிற்றைச் சுற்றுவதன் தத்துவத்தைக் கணிதத்தில் வடித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் மேதை ஆய்லர். துறைமுகத்தில் கப்பலின் வடத்தை இரும்புக் குற்றியில் சில சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு அத்தனை பெரிய பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறானே, அதே விதிதான். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று உன் கைப்பிடியின் வலுவை ஏறத்தாழ ஆறரை மடங்காக்கும். இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 280 மடங்குக்கும் மேல். இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றைப் பத்துக் கிலோ வலுவோடு நீ பிடித்திருந்தால், மறுபுறம் நானூறு கிலோ இழுவையையும் அது தாங்கும். சுற்று பெருகப் பெருக வலிமை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தச் சுற்றுக்கும் கொம்புக்கும் இடையே விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு சொல்லும். கயிறு வீசுவோரில் கட்டைவிரல் இழந்தோர் பலர். ஆகவே சுற்றும்போது கட்டைவிரல் எப்போதும் மேல்நோக்கியே நிற்கட்டும்.

டெக்ஸஸில் கயிற்றின் முனையைக் கொம்பிலேயே இறுகக் கட்டிவிடும் மரபு உண்டு. கலிபோர்னியாவில் சுற்றிச் சற்றே நழுவவிடும் மரபு. உன் மாமன் எதைச் சொன்னாலும் நீ இரண்டாவதையே பழகு. இழுவை நின்றுவிடும் தூரம் நீள நீள விசை தணியும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொம்பில் ரப்பர்ப் பட்டை சுற்றியிருந்தால் கயிறு நழுவாமல் வெடுக்கென நிற்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் குதிரையின் முதுகில் இறங்கும்.

முதுகில் என்றேன், விஷயத்தின் உயிர்நிலை அதுவே. தோலுக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டம் பாரத்தை முதுகெலும்பின் இருமருங்கும் பரப்புகிறது. மார்பு வார் சேணம் பின்னே சரியாமல் காக்கிறது. கயிறு முன்னால் இழுக்கும்போது சேணத்தின் பின்புறம் எழும்பாதபடி பின்வார் பிடித்துக்கொள்கிறது. முன்வாரையும் பின்வாரையும் வயிற்றின் அடியில் இணைக்கும் சிறு வாரை மறந்தால், பின்வார் அடிவயிற்றுக்கு நகர்ந்து, சாதுவான குதிரையும் துள்ளும்.

உன் குதிரையோ கிண்டிப் பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த தாரோபிரெட். கழுத்து முதுகோடு சேருமிடத்தில் மேடு உயர்ந்தும், முதுகு ஒடுங்கியும் இருக்கும். உன் மாமனின் ஊரிலோ சேணங்கள் பெரும்பாலும் முதுககன்ற குவார்ட்டர் குதிரைக்கென்று செய்யப்படுகின்றன. நீ ஏறி அமர்ந்த பின்னும் அந்த மேட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிடில் அச்சேணம் எவ்வளவு அழகாயினும் இக்குதிரைக்கு உதவாது. மெத்தைமேல் மெத்தை அடுக்கிச் சரிக்கட்டலாம் என்பவர் பேச்சைக் கேளாதே; கயிற்றின் இழுவையில் அது ஒருபக்கம் உருண்டுவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல் கடந்து வந்த குதிரைகள் பேணத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்ததை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனக்கிலேசம் உண்டாகிறது. பெரும்பொருள் கொடுத்து வாங்கும் ஆவல் நம்மிடம் என்றும் இருந்திருக்கிறது. வாங்கியதை அறிந்து பேணும் பொறுமைதான் அருகியிருந்தது. புதுச் சேணம் வந்த மறுநாளே கயிறு வீச வேண்டும் என்று துடிக்கும் இளைஞர்களிடம் அந்தப் பழைய அவசரத்தையே காண்கிறேன்.

ஆகவே நிதானமாகச் செல். அங்கவடி தொங்கும் அகன்ற தோலை ஈரமாக்கி, முன்முகமாகத் திருப்பி, இரு அங்கவடிகளிலும் ஒரு கழியைக் கோத்து இரவு முழுவதும் விட்டுவை. உன் முழங்காலின் நோவு குறையும். எண்ணெயை மிதமாகத் தடவு. ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பக்கம் தோலில் பூஞ்சை பூக்கும்; பிளாஸ்டிக் உறையில் மூடாமல், பருத்தித் துணி போர்த்திக் காற்றோட்டத்தில் வை. குதிரை முதலில் சேணத்தை முகர்ந்து பார்க்கட்டும். அதன்பிறகு முன்வாரைப் படிப்படியாக இறுக்கி, நடத்திவிட்டு மறுபடி இறுக்கு. கயிற்றை முதலில் தரையில் நின்றபடியே அதன் காலிலும் தொடையிலும் உரசப் பழக்கு. பிறகு இலேசான கட்டையை இருபக்கமும் இழுக்கச் செய். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அலறும் இடத்தில் இதைச் செய்யாதே. கோடையில் வற்றிய ஏரியின் உட்புறமே தகுந்த இடம். வீசிப் பழக மரப்பொம்மை போதும். உயிருள்ள கன்றின் கழுத்தில் விளையாட்டாகச் சுருக்கு எறிவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது, அதற்கும் மேலாக நம் மனச்சாட்சி இருக்கிறது.

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் சேணத்தை இறக்கி முதுகின் வேர்வையைப் பார். முதுகெலும்பின் இருமருங்கும் ஒரே சீராக நனைந்திருந்தால் நன்று. அந்த ஈரத்தின் நடுவில் உலர்ந்த திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் மிகுதி. அதைப் புறக்கணித்தால் பின்னர் அவ்விடத்தில் வெண்மயிர் முளைக்கும். அடுத்த கடிதத்தில் அந்த வேர்வைத் தடத்தை வரைந்து அனுப்பு. கயிறு வீசும் பாடத்தை அதைப் பார்த்த பிறகே தொடங்குவேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியன்