எழுத்து வரிசைக் கணக்கு: கைகொடுக்கும் சில குறிப்புகள்

வீட்டில் யாராவது குரூப் 4, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி என்று ஏதாவது ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்திருப்பீர்கள்: "ஆங்கில எழுத்து வரிசையில் இடமிருந்து 12ஆவது எழுத்துக்கு வலப்பக்கம் 7ஆவதாக உள்ள எழுத்து எது?" கேள்வி சுலபம்தான், நேரம்தான் கிடைக்காது. எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி; ஒன்றுக்கு 36 வினாடி. ஏ, பி, சி என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் அதிலேயே பாதி போய்விடும். அதற்காக 26 எழுத்துக்கும் எண்ணை உருப்போட வேண்டாம். ஐந்து எழுத்தும் 27 என்ற ஓர் எண்ணும் போதும். மற்றதெல்லாம் கூட்டல், கழித்தல்.

1. கோச்சிங் சென்டர்களில் முதல் நாளே சொல்லித்தருவது "ஈஜோட்டி". ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. இந்த ஐந்தும் சாலையோர மைல்கல் மாதிரி. கே என்றால் ஜேக்கு அடுத்தது, 11. ஆர் என்றால் டிக்கு இரண்டு முன்னால், 18. தொடக்கத்தில் உள்ள ஏ, பி தவிர எந்த எழுத்தும் இவற்றில் ஒன்றிலிருந்து இரண்டு இடத்துக்கு மேல் தள்ளி இருக்காது. மூன்றின் மடங்குகளுக்கும் இதேபோல ஒரு சூத்திரச் சொல் உண்டு. என்னைக் கேட்டால் அது வீண் சுமை.

2. தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் வாயில் 2ஆவது எழுத்தும் பி, 16ஆவது எழுத்தும் பி. 4ஆவதும் டி, 20ஆவதும் டி. மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டால் எங்காவது ஒன்று மற்றதாகிவிடும். எழுத்தைச் சொல்லும்போதே எண்ணையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்: "பி இரண்டு", "பி பதினாறு".

3. வலமிருந்து எண்ணச் சொன்னால் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டாம். 27இலிருந்து கழித்தால் போதும். வலமிருந்து 9ஆவது என்றால் இடமிருந்து 18ஆவது, அதாவது ஆர். எழுத்து 26தானே, 27 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏ இடமிருந்து 1, வலமிருந்து 26. இரண்டையும் கூட்டினால் 27. எந்த எழுத்தை எடுத்தாலும் அதை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருமுறை எண்ணுகிறோம். அந்த ஒன்றுதான் கூடுகிறது.

4. எதிர் எழுத்து கேட்டாலும் அதே 27தான். ஏக்கு எதிர் இசட், சிக்கு எதிர் எக்ஸ். ஓரத்தில் இருப்பவை தானாக வந்துவிடும், தடுமாற்றம் நடுப்பகுதியில்தான். அதற்கு ஜிடி ரோடு (ஜி, டி), ஹைஸ்கூல் (எச், எஸ்), இந்தியன் ரயில்வே (ஐ, ஆர்), மேன் (எம், என்) என்று நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். இதுவும் ஒட்டவில்லையென்றால் தேர்வு தொடங்கியதும் ரஃப் தாளில் முதல் 13 எழுத்துகளை ஒரு வரியில் எழுதி, அதற்கு நேர்கீழே இசட்டிலிருந்து பின்னோக்கி மீதி 13ஐ எழுதிவிடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நேர் எதிரில் அதன் ஜோடி நிற்கும்.

5. இடம், வலம் கேள்விகளில்தான் அதிகம் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். விதி ஒன்றுதான்: இரண்டு திசையும் ஒன்றானால் கழி, வேறானால் கூட்டு. மேலே சொன்ன கேள்வியில் "இடமிருந்து 12, வலப்பக்கம் 7". திசை வேறு, எனவே 19. டிக்கு முந்தைய எஸ். "இடமிருந்து 17, இடப்பக்கம் 8" என்றால் திசை ஒன்று. 17இல் 8 போக 9, எழுத்து ஐ. "வலமிருந்து 18, வலப்பக்கம் 5" என்பதும் கழித்தல்தான், 13 வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த 13 வலமிருந்து 13. அதை 27இலிருந்து கழித்தால் 14, ஆக விடை என். நான்கு விடைகளில் 13ஆவது எழுத்தான எம்மையும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் அதைத்தான் தொடுவார்கள்.

6. "வரிசையைத் தலைகீழாக எழுதினால்" என்று கேள்வி தொடங்கினால் எழுதிப் பார்க்காதீர்கள். கேள்வியில் உள்ள இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படியுங்கள். பிறகு அது சாதாரணக் கேள்வி. முதல் பாதியை மட்டும் திருப்பச் சொன்னால், 13 வரையுள்ள இடத்தை 14இலிருந்து கழித்தால் அங்கே வந்து நிற்கும் எழுத்து கிடைக்கும்.

7. இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் உள்ளது எது என்றால் இரண்டையும் இடமிருந்து எண்ணாக மாற்றி, கூட்டி, பாதியாக்குங்கள். 10க்கும் 18க்கும் நடுவில் 14. கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் நட்டநடு எழுத்து கிடையாது. இடையில் எத்தனை எழுத்து என்று கேட்டால் கழித்து, மேலும் ஒன்று குறைக்க வேண்டும்: 18இல் 10 போக 8, அதில் ஒன்று போக 7.

8. வங்கித் தேர்வுகளுக்குப் பிடித்தமான கேள்வி இது: ஒரு சொல்லில் இரண்டு எழுத்துகளுக்கு இடையே, வரிசையில் உள்ள அதே எண்ணிக்கையில் எழுத்துகள் இருக்கும் ஜோடிகள் எத்தனை? சென்னையை ஆங்கிலத்தில் எழுதி எண் போடுங்கள்: 3, 8, 5, 14, 14, 1, 9. சொல்லில் இரண்டு எழுத்துகள் எத்தனை இடம் தள்ளி இருக்கின்றனவோ, எண்ணிலும் அத்தனை வித்தியாசம் இருந்தால் அது ஒரு ஜோடி. முதல் இடத்தில் 3, மூன்றாம் இடத்தில் 5. இரண்டு இடம் தள்ளி, எண்ணிலும் இரண்டு வித்தியாசம். அதேபோல 3உம் 9உம், 5உம் 9உம். ஆக மூன்று ஜோடி. இனி மதுரை: 13, 1, 4, 21, 18, 1, 9. முன்னோக்கி மட்டும் பார்த்தால் ஒன்றும் தேறாது. மூன்றாம் இடத்து 4க்கும் ஆறாம் இடத்து 1க்கும் மூன்று இடம், வித்தியாசமும் மூன்று. எண் இறங்குமுகமாக இருந்தாலும் அது ஜோடிதான். அதனால் எப்போதும் இரண்டு திசையிலும் பாருங்கள்.

9. எழுத்துகளை வரிசைப்படுத்திய பிறகு எத்தனை இடம் மாறாமல் இருக்கும் என்பது இன்னொரு வகை. சொல்லுக்கு நேர்கீழே வரிசைப்படுத்தி எழுதி ஒப்பிடுங்கள். சென்னையில் ஈ ஒன்று மட்டும் நகராது. மதுரையில் இரண்டாம், மூன்றாம் இடங்களில் உள்ள ஏ, டி இரண்டும் நகராது. மனக்கணக்காகச் செய்யாதீர்கள்.

10. சங்கேத மொழிக் கணக்கில் இசட்டைத் தாண்டினால் 26ஐக் கழித்துவிடுங்கள். 23உடன் 5 சேர்த்தால் 28. அதாவது 2, பி.

11. டிஎன்பிஎஸ்சி தமிழ்ப் பகுதியில் வரும் அகரவரிசைக் கேள்வியை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே பலர் சறுக்குவது வரிசையின் வாலில்: வ-வுக்குப் பிறகு ழ, ள, ற, ன.

12. வீட்டில் பழக்கப்படுத்த புத்தகம் தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் உள்ள வண்டியின் நம்பர் பிளேட்டைக் காட்டி எழுத்துகளின் எண்ணையும் எதிர் எழுத்தையும் கேளுங்கள். ஈஜோட்டி கைக்கு வந்த பிறகு கேட்டால் போதும். அதற்கு முன்னால் கேட்டு எரிச்சலூட்ட வேண்டாம்.

13. விடை வந்ததும் கேள்வியில் உள்ள திசையை இன்னொரு முறை படியுங்கள். சிஜிஎல் முதல் கட்டத்தில் ஒரு தவறுக்கு அரை மதிப்பெண் போகும். அங்கே சந்தேகமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அங்கே ஒரு கேள்வியைக்கூட விடாமல் எழுதிவிட்டு வாருங்கள்.