கையுறை போட்டால் அரிப்பு: பேட்ச் டெஸ்ட் அவசியமா?

கேள்வி: பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ரப்பர் கையுறை போடும் இடமெல்லாம், மணிக்கட்டு வரைக்கும் தோல் சிவந்து வெடித்து அரிக்கிறது. களிம்பு பூசினால் அடங்குகிறது. வேலைக்குத் திரும்பினால் மறுபடி கிளம்புகிறது. ரத்தப் பரிசோதனையில் ரப்பர் ஒவ்வாமை இல்லை என்று வந்தது. இப்போது முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்ய, ஒரே வாரத்தில் மூன்று முறை வரச் சொல்கிறார்கள். அவசியமா டாக்டர்?
வாசகி, மாசாய்

பதில்: அவசியம்தான் சகோதரி. ரத்தத்தில் தேடியது ரப்பர் பாலின் புரதத்துக்கான ஒவ்வாமையை. அது இருந்தால் கையுறை போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல்கூட வரும். உங்கள் தொல்லை வேறு வகையாகத் தெரிகிறது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற ரசாயனங்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இந்த வகை ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. நைட்ரில் கையுறைக்கு மாறியும் சிலருக்கு அரிப்பு நிற்பதில்லை. அவற்றிலும் பெரும்பாலும் இதே ரசாயனங்கள்தான்.

1895-இல் யோசெப் யாடாசோன் பாதரச ஒவ்வாமைக்குச் செய்துகாட்டிய முறையின் வளர்ச்சிதான் இன்றைய பேட்ச் டெஸ்ட். ஊசி கிடையாது. சட்டைப் பொத்தான் அளவு வட்டுகளில் வாசலின் கலந்த ரசாயனங்களைத் தனித்தனியே வைத்து, மேல்முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, அடையாளமிட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடியும் பார்ப்பார்கள். அந்தக் கடைசி வருகையைத் தவறவிடாதீர்கள். வெறும் எரிச்சல் அதற்குள் மங்கிவிடும். உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் வலுத்திருக்கும், சிலருக்கு அன்றுதான் முதன்முதலாகத் தெரியும்.

ஜோகூர் வெயிலில் பெரிய தொல்லை வியர்வை. ஒட்டு பெயர்ந்தால் சோதனை வீண். முதுகை நனைக்காதீர்கள், கனமான வேலை என்றால் மருத்துவ விடுப்பு (எம்.சி.) கேளுங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசுவதை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ கர்ப்பமாக இருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேலையிடத்துக் கையுறை, கிரீம், வீட்டில் பூசும் தலைச்சாயம், குங்குமம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். துப்புரவுத் திரவத்தை நீங்களே கையில் தடவிச் சோதிக்க வேண்டாம், புண்ணாகிவிடும்.

கையுறையில் உள்ள ரசாயனம்தான் காரணம் என்று தெரிந்தால், அதன் பெயரை எழுதி வாங்குங்கள். தொழில்சார் தோல் நோயை வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.க்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கோரவும் இடமுண்டு. வேலையை விடுவதைப் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். அந்த ரசாயனம் இல்லாத கையுறைகள் சந்தையில் உண்டு; அதைத் தரும்படி முதலாளியிடம் முதலில் கேளுங்கள்.