சட்டம் சொல்வதும் தர்மம் சொல்வதும்

கடை நடத்துகிற நமக்கு விதிகள் ஏராளம். எடைக்கல்லுக்கு முத்திரை, பாக்கெட்டில் விலை, உணவுப் பொருளுக்கு உரிமம், காலாவதித் தேதி என்று பட்டியல் நீள்கிறது. "சட்டப்படி நடந்தால் போதாதா, தர்மத்தையும் பார்க்க வேண்டுமா?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். "மனச்சாட்சிப்படி நடக்கிறோம், இத்தனை சட்டம் எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளையும் நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வைத்தே பார்ப்போம்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படியின் அளவு மாறியது. பலம், வீசை என்ற கணக்கும் புழங்கியது. 1956-ல் வந்த எடையளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் கிலோ, லிட்டர் என்ற ஒரே அளவைக் கொண்டுவந்தது. படி பாவமும் அல்ல, கிலோ புண்ணியமும் அல்ல. எந்த அளவு என்பதைச் சட்டம் முடிவு செய்தது. அந்த அளவு குறையாமல் இருக்க வேண்டும் என்பது சட்டத்திற்கு முன்பே இருந்த தர்மம். திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் வாணிகத்தைப் பேசித்தான் முடிகிறது என்பதை நாம் அறிவோம்.

இன்று நடப்பில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன்படி எடைக்கற்களுக்கு 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் முத்திரை பெற வேண்டும். "என் தராசு சரியாகத்தான் இருக்கிறது, தேதி தவறினால் என்ன குற்றம்?" என்று கேட்கலாம். தராசு சரி என்பது நமக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்? முத்திரைதான் அவருக்குச் சாட்சி. ஆகவே, வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் விதிக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது.

முத்திரை உள்ள தராசிலேயே தவறு நடக்கவும் கூடும். கிலோ 800 ரூபாய் விற்கும் முந்திரியில் கால் கிலோ நிறுக்கும்போது, 10 கிராம் கவரையும் சேர்த்து நிறுத்தால் வாங்குபவருக்கு 8 ரூபாய் நஷ்டம். இது சட்டப்படியும் தவறு, தர்மப்படியும் தவறு. காலிக் கவரை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும்.

இரண்டாவது, சட்டம் தடுக்காத இடம். நாளை மறுநாள் காலாவதியாகும் சேமியாவை இன்று விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மாதச் சாமானாக மொத்தமாக வாங்குபவரின் பையில் அதைப் போடலாமா? தேதியைக் காட்டி, விலையைக் குறைத்து, உடனே சமைப்பவருக்குக் கொடுப்பதே முறை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. அது அச்சிட்ட விலை உள்ள பொருள். எனவே சட்ட மீறல். அதே நாளில் சில்லறையாக நிறுத்து விற்ற காய்கறிக்கு அச்சிட்ட விலை கிடையாது. அங்கே நம்மைத் தடுக்க வேண்டியது நம் மனச்சாட்சி ஒன்றுதான். கொள்முதல் விலை ஏறினால் நாமும் ஏற்றலாம். பழைய விலைக்கு வாங்கிய சரக்கை, அவதிப்படுகிறவரிடம் இரட்டை விலைக்குத் தள்ளுவது வேறு.

மூன்றாவது, சட்டம் நமக்குப் பாரமாகத் தெரியும் இடம். குளிர்பானத்தைக் குளிர வைக்க மின்கட்டணம் ஆகிறது, லாபமோ சொற்பம். அதனால் இரண்டு ரூபாய் கூட்டி வாங்குகிறோம் என்கிறார்கள். குறை உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை இறக்கும் இடம் வாடிக்கையாளர் அல்ல. எல்லா வரிகளும் உட்பட இவ்வளவுதான் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறது. கமிஷனைக் கூட்டித் தரும்படி கம்பெனியிடம் கேட்போம்; தனியாகக் கேட்டால் நடக்காததைச் சங்கத்தின் மூலம் கேட்போம். சட்டம் சரியில்லை என்றால் அதை மாற்றப் பேசுவது நம் உரிமை. பேசாமல் மீறுவது உரிமை ஆகாது.

சுருங்கச் சொன்னால், சட்டம் என்பது கீழ்வரம்பு. அதற்குக் கீழே இறங்கினால் அபராதம். தர்மம் அதற்கு மேலே நிற்கிறது. அதைத் தவறவிட்டால் எந்த ஆய்வாளரும் வரமாட்டார், வாடிக்கையாளரும் வரமாட்டார்.

சந்தேகம் வரும்போது ஒரே ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: நான் செய்வதை, வாங்க வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். தயக்கம் வந்தால், தராசின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நமக்கே தெரிந்துவிடும்.