தேர்வுக் காலமும் பெற்றோரும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தேர்வு! இந்த மூன்றெழுத்துச் சொல்லைக் கேட்டதும் மாணவிகளாகிய எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது யாவரும் அறிந்ததே. ஆனால் எங்களைவிட எங்கள் பெற்றோருக்கே அதிகமாகக் கலக்குகிறது என்பதைப் பத்தாம் வகுப்பிற்கு வந்த பிறகுதான் நான் அறிந்தேன். எப்படிப் படிக்க வேண்டும் என்று எங்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கூறுவோர் இல்லை. பதினைந்து வயதுப் பெண் பெற்றோருக்குப் பாடம் நடத்துவதா என்று கோபியாமல், அன்புகூர்ந்து சற்றே படித்துப் பாருங்கள்.

அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தேர்வன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். தட்டில் இட்லி வைத்த அம்மா, "போன தடவை மாதிரி கவனமில்லாம தப்பு விட்டுறாதே" என்றார்கள். அப்பா, "தொண்ணூறுக்குக் குறைஞ்சா பதினொண்ணாம் வகுப்புல மேத்ஸ் குரூப்பை மறந்துட வேண்டியதுதான்" என்றார்கள். தெருமுனை வரை இவ்விரண்டு வாக்கியங்களும் என்னுடனேயே நடந்து வந்தன. வினாத்தாளில் ஒரு கூட்டுத் தொடரைக் கொடுத்து, முதல் இருபது உறுப்புகளின் கூடுதல் காணச் சொல்லியிருந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய சூத்திரம் அது. அன்று வரவில்லை. கை சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது. அந்த ஒரு கணக்கிலேயே அரை மணி நேரம் போயிற்று. தேர்வு முடிந்து மாடிப்படி இறங்கும்போது, யாரோ காதில் ஒப்பிப்பதுபோல் முழுச் சூத்திரமும் நினைவுக்கு வந்தது! படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மதிப்பெண் 61.

"படிக்கலே, அதான்" என்றார்கள் அப்பா. படிக்காத சூத்திரம் மாடிப்படியில் எப்படி வரும்?

விடை எங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆபத்து வரும்போது அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தம் தோலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் விலகித் தசைகளுக்கு ஓடுகிறது. கை சில்லிடுவதும் காலை உணவு இறங்க மறுப்பதும் இதனால்தான். புலி துரத்தினால் இவ்வேற்பாடு உயிரைக் காக்கும். கூட்டுத் தொடருக்கு உதவாது. மேலும், கணக்குப் போடும்போது எண்களையும் சூத்திரத்தையும் தாங்கி நிற்க மனத்தில் உள்ள இடம் மிகச் சிறியது. 'அப்பா என்ன சொல்வார்களோ' என்ற கவலை முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிட்டால் சூத்திரம் எங்கே நிற்கும்?

யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1908ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். தவறான வழியில் சென்றால் எலிக்குச் சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும். எளிதான வேலையை, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகவே கற்றன. கடினமான வேலையிலோ, அதிர்ச்சி ஓரளவைத் தாண்டியதும் கற்பது தாமதமாயிற்று. நாங்கள் எலிகள் அல்லர். ஆயினும் கொஞ்சம் பயம் எங்களைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும் என்பதையும், நிறையப் பயம் உட்கார்ந்ததையே வீணாக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது உறக்கம். எங்கள் வயதில் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். வளரும் பருவத்தில் இரவு உறக்கம் தாமதமாக வருவது உடலின் இயல்பு, சோம்பலன்று. அதிகாலை நான்கு மணிப் படிப்பே மனத்தில் தங்கும் என்பது எங்கள் ஆச்சியின் கொள்கை. ஆச்சி இரவு எட்டரைக்கே உறங்கிவிடுகிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை! பதினொன்றரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தால், படித்தவற்றை மூளை உறக்கத்தில் பதிய வைக்கும் நேரத்தை அல்லவா வெட்டுகிறோம்? முதல் நாள் இரவு முழுவதும் விழிப்பதாலும் பயன் குறைவே. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பலன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை ஓதியதிலேயே அவருக்குக் கிடைத்ததாம்.

"எனக்கு உங்க பாடமெல்லாம் தெரியாதே, நான் என்ன உதவி செய்ய?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. என் அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருநாள் இரவு, வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடு பார்ப்போம்" என்றார்கள். நான் சொன்னேன். "ஏன் ரெண்டால வகுக்கே?" என்று கேட்டார்கள். திகைத்துப் போனேன், இத்தனை நாளும் சூத்திரத்தை உருப்போட்டேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை. தொடரைத் திருப்பி எழுதி, மேலும் கீழுமாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. எனவே தாய்மார்களே, புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு எங்களைக் கேளுங்கள். பத்து முறை வாசிப்பதைவிட, மூடி வைத்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பதே மேல்.

ஒப்பிட்டுப் பேசுவதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. எங்கள் தெருவில் இன்னும் நிற்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாக எண்ணாதீர்கள். பிள்ளை பல நாட்களாகச் சரியாக உண்ணாமல், உறங்காமல், தோழியரிடமும் பேசாமல் ஒதுங்கினால், அல்லது "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், திட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது; கேட்க ஆளிருக்கிறது என்ற ஆறுதலே உண்டாகும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பொதுத் தேர்வில் தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதித் தேறலாம் என்பதையும், முடிவு வந்த பிறகல்ல, முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

முதல் திருப்புதல் தேர்வில் கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வீட்டிற்கு வந்தேன். வழக்கம்போல் வாசலிலேயே வினாத்தாளை வாங்கிப் பார்ப்பார்கள் என்று அதைக் கையில் தயாராக வைத்திருந்தேன். அம்மா, "கை கால் கழுவிட்டு வா, சோறு போடுதேன்" என்றார்கள், அவ்வளவுதான். மதிப்பெண் 78 வந்தது. தொண்ணூறு இல்லையே என்று அப்பாவுக்குக் குறைதான், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கையெழுத்திடும் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்தக் கணக்குல சிக்கினே? இங்க உக்காரு" என்றார்கள்.