கூப்பிடு தூரமும் கைவிளக்கும்

ஜவ்வாது மலைக்கு முதன்முறை பிரயாணப்பட்ட நான், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் பேருந்தில் அமர்ந்தபோது, பீமன் அருவி, கோலப்பன் ஏரி, காவலூர் வானாய்வகம் என்று காண வேண்டியவற்றின் ஜாபிதா ஒன்றைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் அது பிரயோசனமற்றுப் போயிற்று.

காவலூருக்கருகே ஒரு சிற்றூருக்கு வழி கேட்க, "கூப்பிடு தூரந்தான் சாமி, வாங்க" என்று முன்னே நடந்தார் ஒரு பெரியவர். பள்ளத்தின் இக்கரையில் நின்று குரல் கொடுத்தால் அக்கரையில் கேட்கும் என்பதே அச்சொல்லின் தாத்பரியம் என்பதும், குரலுக்கு இல்லாத ஏற்ற இறக்கங்கள் காலுக்கு உண்டு என்பதும், ஒன்றரை மணி நேரம் நடந்த பிறகே எனக்கு விளங்கின. மலையில் தூரத்தை விசாரிக்கலாகாது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாமா என்று கேட்பதே உசிதம்.

இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களுடைய ஐதிகம். பேசுவதும் நம் தமிழே. இதை அறியாமல், சைகையால் பேச ஆயத்தமாகி வந்திருந்த என் நண்பர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

ஊரில் ஒரு வீட்டு வாசலில் அம்மாள் ஒருத்தி சாமை குத்திக்கொண்டிருந்தாள். உமி லேசில் விடாத அத்தானியத்தை உரலிலிட்டுக் குத்துவதும், முறத்தில் அள்ளிப் புடைப்பதும், ஊதிப் பார்த்து மறுபடி உரலிலேயே கொட்டுவதுமாக, இரண்டு கைப்பிடி அரிசி தேறுவதற்குள் அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது. "உங்க ஊர்ல எப்படிக் குத்துவீங்க?" என்று கேட்டாள். கடையில் பொட்டலமாக வாங்கும் என்னிடம் பதில் இல்லை.

சாமைச் சோறுண்டு திரும்புகையில் நன்றாக இருட்டிவிட்டது. நான் கைவிளக்கைப் பொருத்தினேன். துணைக்கு வந்த பெரியவர் நின்றார்.

"அத அணைங்க சாமி, கண்ணக் கட்டுது. அதோ, பெரிய கண்ணாடி வச்சு வானத்தப் பாக்கறாங்களே, அவங்களும் வெளக்க அணைச்சுட்டுத்தான் பாக்கறாங்க."

அவர் கை காட்டிய திசையில்தான், நகரங்களின் வெளிச்சம் அண்டாத இருளையும், தென்வானத்தின் நக்ஷத்திரங்களும் தெரியும் அனுகூலத்தையும் கருதி, 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு காவலூர் வானாய்வகத்துக்கு வித்திட்டார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகத்தின் வளையங்களுக்குச் சான்று கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். அங்கு செல்வோர், பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். மேகம் மூடினால் யார் விசாரித்தும் பயனில்லை.

விளக்கை அணைத்தேன். சற்று நேரம் கல்லில் இடறினேன். பிறகு, இருபது நிமிஷமிருக்கும், சாம்பல் நிறக் கோடாக ஒற்றையடிப்பாதை தானாகவே புலப்பட்டது. செருப்பில்லாத பெரியவர் ஒரு வளைவு முன்னால் போய், எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.