தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: பவுண்டும் பாட்டும்

தாய்லாந்தில் குடியேறும் பிரித்தானிய முதியோர், ஓய்வூதியம் பவுண்டிலும் செலவு தாய்லாந்து நாணயமான பாட்டிலும் அமைவதால், 2007-இல் 60 பாட்டுக்கு மேலிருந்த ஒரு பவுண்டின் மதிப்பு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகுவது குறித்த 2016 வாக்கெடுப்புக்குப் பின் 50-க்குக் கீழ் இறங்கியதை மனத்திற்கொண்டு, இன்றைய மாற்று விகிதத்தில் ஐந்திலொரு பங்கைக் கழித்தே வாடகையை முடிவு செய்தல் வேண்டும். இதனினும் கவலைக்குரியது, அவர்களது அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயராது குடியேறியபோதிருந்த தொகையிலேயே நின்றுவிடுவதாகும். தாய்நாட்டில் இருப்போருக்குக் கிடைக்கும் உயர்வு இவர்களுக்கு மறுக்கப்படுவது நியாயமன்று.

50 வயது நிறைந்தோர் ஓய்வுக்கால விசா பெற, அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தங்கல் அனுமதி பெற, உள்ளூர் வங்கியில் 8,00,000 பாட் வைப்பு காட்டுவது ஒரு வழி. அத்தொகையை ஒரே நாளில் மாற்றாமல் பல மாதங்களில் சிறிது சிறிதாக மாற்றினால் விகிதச் சரிவின் அடி குறையும். அனுமதி கிடைத்த பின்னும் அதில் பாதியைத் தொட இயலாதாகையால், மருத்துவச் செலவுக்கெனத் தனித்தொகை ஒன்றைப் பாட்டிலேயே வைத்திருப்பது இன்றியமையாதது.